கால்ல ரத்த ஓட்டம் கம்மியா? இன்ஃப்ராரெட் சூடு வைக்கிறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எங்க பெரியம்மா முப்பது வருஷம் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க, இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு, ராத்திரியில கால் மரத்துப் போகுதுன்னு டவுன்ல ஒரு கடை மாடியில ஃப்ரீயா வைக்கிற ஃபார் இன்ஃப்ராரெட் மெஷின்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரால சூடு வைக்கிற மெஷின்ல, தினமும் போய் உக்காந்துட்டு வந்தாங்க. ஒரு நாள் கைலி ஓரம் நனைஞ்சிருக்கேன்னு தூக்கிப் பாத்தா கணுக்கால்ல இருபது காசு அளவுக்குக் கொப்புளம் உடைஞ்சு நீர் வடியுது. வலிக்கவே இல்லைய்யான்னாங்க. அது ஆற நாலு மாசம் ஆச்சு.

முதல் தப்பு இதுதான், சூடு தெரியலன்னு டயலை ஏத்துறது. மரத்துப்போன காலு சூடு எவ்ளோன்னு சொல்லாது. நல்ல கால்ல சூடு பட்டா ரத்தம் ஓடி வந்து அதை எடுத்துட்டுப் போயிடும், ரத்தம் சரியா வராத கால்ல சூடு அங்கேயே தங்கி தோல வேக வச்சிடும். 44 டிகிரி ஒண்ணும் கொதிக்கிற சூடு இல்ல, ஆனா ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டா நல்ல தோலே வெந்துடும், அதனால போட்டுக்கிட்டே தூங்கவே தூங்காதீங்க. உணர்ச்சி இல்லாத காலுக்கு இந்த மெஷினே வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

கால்ல என்ன கோளாறுன்னே தெரியாம சூடு வைக்கிறது அடுத்த தப்பு. கொஞ்சம் நடந்தா கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது, நின்னா விட்டுடுதுன்னா ரத்தம் கொண்டுவர்ற குழாய் அடைச்சிருக்கலாம். சூடு பட்டா அந்தச் சதைக்கு ஆக்ஸிஜன் இன்னும் கூட வேணும், குழாயே அடைச்சிருந்தா எங்கேருந்து வரும்? கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் எடுத்து, கணுக்கால் நம்பரை கை நம்பரால வகுத்துப் பாப்பாங்க, 0.9க்குக் கீழ வந்தா அடைப்பு. இனிப்பு நீர்க்காரங்களுக்கு குழாய் கெட்டியாகி நம்பர் நல்லா இருக்கிற மாதிரி காட்டும், அப்போ கால் விரல்ல பிரஷர் பாக்கச் சொல்லிக் கேளுங்க. நரம்பு சுருட்டிக்கிட்ட காலுக்குச் சூடு பட்டா வீக்கம் கூடத்தான் செய்யும். ஒரே கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா வலிச்சா மெஷின் பக்கமே போகாதீங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

எலும்பு வரைக்கும் இறங்கும்னு விக்கிறவங்க சொல்றது சரியில்லைங்க, இந்தக் கதிரு தோலோட மேல்பக்கத்துல ஒரு மில்லிமீட்டருக்குள்ளயே நின்னுடும். தைவான் ஆராய்ச்சின்னும் காட்டுவாங்க, 2007ல வந்தது, டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ஊசி போடுற கை ரத்தக்குழாய்க்கு 40 நிமிஷம், வாரத்துக்கு மூணு தடவை வச்சுப் பாத்தாங்க, ரத்த ஓட்டம் கூடுச்சு, உண்மைதான். ஆனா அது கை, அடைச்ச கால் இல்ல.

அடைப்புக்கு நல்லா பலன் தர்றது நடைதான். கால்ல புண்ணு இல்ல, டாக்டரும் சரின்னுட்டாருன்னா, வலி வர்ற வரைக்கும் திடலைச் சுத்தி நடங்க, நில்லுங்க, விட்டதும் திரும்ப நடங்க, அரை மணி நேரத்துக்குக் குறையாம வாரத்துல மூணு நாளு, மூணு மாசம். சிகரெட் கண்டிப்பா விடணும். சூடு வச்சு நல்லாருக்குன்னு மாத்திரையை நிறுத்துறதும் வேண்டாம்.

அரசாங்க கிளினிக்ல உள்ளங்கால்ல மெல்லிசா ஒரு நைலான் இழைய வச்சு உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, கேட்டுப் பண்ணிக்குங்க. பெரியம்மாவுக்கு மூணு இடத்துல தெரியல. இப்போ சாயங்காலம் வாசல்ல உக்காந்து தரையில கண்ணாடிய வச்சு உள்ளங்காலைப் பாக்குறாங்க, நான் பக்கத்துல டார்ச் பிடிச்சிக்கிறேன்.