மதுரைக்கு வரும் விருந்தினருக்கு ஊரைக் காட்டுவது எப்படி?

லாட்ஜின் வரவேற்பு மேசையில் நிற்பவரிடமும், வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக நடத்துபவரிடமும் விருந்தினர் முதலில் கேட்பது, "இங்கே என்ன பார்க்கலாம்?" என்பதுதான். நம்மில் பலர் கோயில், மகால், ஜிகர்தண்டா என்று மூன்று பெயர்களைச் சொல்லிச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மூன்றும் சரியான பெயர்கள்தாம். ஆனால் எந்த நேரத்தில் எங்கே போக வேண்டும் என்று சொல்லாததால், அந்தக் குடும்பம் மதியம் ஒரு மணி வெயிலில் வெறுங்காலுடன் பூட்டிய கோபுர வாசலுக்கு முன்னால் நிற்கிறது. மதுரையை நேசிக்கும் ஒருவர் விருந்தினருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இந்த ஊரின் நேரக்கணக்கு. இருபது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றுக்கொண்டதை, புதிதாக இதற்குள் வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸிலும் ஆம்னி பேருந்துகளிலும் வருபவர்கள் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுகிறார்கள். முந்தைய நாள் தங்கியவர் அறையைக் காலி செய்யாமல் இருக்கலாம். அதற்காக வந்தவர்களை நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார வைப்பது பெரிய பிழை. பெட்டிகளை வைக்கப் பூட்டுள்ள ஓர் இடமும், குளித்து உடை மாற்றச் சுத்தமான ஒரு குளியலறையும் தனியாக ஒதுக்குங்கள். குளித்து முடித்ததும் நேராகக் கோயிலுக்கு அனுப்புங்கள். காலை ஐந்து மணிக்குத் திறக்கும் மீனாட்சி அம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரை மணியளவில் நடை சாத்தப்பட்டு, மீண்டும் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கப்படும். கூட்டம் சேர்வதற்கு முந்தைய அந்த விடியல் நேரத்துப் பொற்றாமரைக் குளப்படிகளை, பத்து மணிக்குப் போகிறவரால் பார்க்க முடியாது. அறை தாமதமானது உங்கள் குறையாக இல்லாமல் அவருக்கு ஒரு பேறாக மாறிவிடும்.

அனுப்புவதற்கு முன் சில செய்திகளை மேசையிலேயே சொல்லிவிடுங்கள். கைப்பேசியும் கேமராவும் உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைக்க இடம் உண்டு என்றாலும், அறையிலேயே விட்டுச் செல்வது எளிது. அரைக்கால் சட்டை அணிந்தவரை உள்ளே விடமாட்டார்கள். நான்கு வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தால் இரவல் கொடுக்கலாம். இந்து அல்லாத விருந்தினர் கருவறைப் பகுதிக்குள் போக இயலாது என்பதை வாசலில் காவலர் சொல்லிக் கேட்பதைவிட, உங்கள் வாயால் மரியாதையோடு முன்கூட்டியே கேட்பது அவர் மனத்தைக் காக்கும். அதோடு, குளமும் பிரகாரங்களும் ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பங்களும் அவர் பார்க்கக் கூடியவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, வீதிகளைக் கற்றுக்கொடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கோயிலைச் சதுரமாக வரைந்து, மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியாக வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வரையுங்கள். ஒவ்வொன்றும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு பக்கமும் பெயர் பெறும் என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இரண்டே நிமிடத்தில் ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொள்வார். மாதப் பெயர்கள் அந்தந்த வீதியில் நடந்த திருவிழாக்களால் வந்தவை. சித்திரைத் திருவிழாவின் தேர் இன்று மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. வெளி வீதிகள் பழைய கோட்டை நின்ற இடத்தை ஒட்டியவை; 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இந்தத் தாளை அச்சடித்து வைக்கலாம்தான். ஆனால் விருந்தினர் கண்ணெதிரே கையால் வரைந்து கொடுப்பதையே நான் விரும்புகிறேன். வரையும்போதே அவர் கேள்வி கேட்கத் தொடங்குவார், அவருக்கு எதில் ஆர்வம் என்பது நமக்கும் தெரிந்துவிடும்.

அந்த ஆர்வத்தைப் பிடித்துக்கொண்டு இடங்களைக் கோத்துக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். வரலாற்றில் நாட்டமுள்ள ஒருவர் வந்தால், நான் அவரை முதலில் மேலமாசி வீதியில் உள்ள ஒரு மாடிவீட்டுக்கு அனுப்புவேன். 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி தம் பழைய உடையைத் துறந்து இடுப்பு வேட்டி மட்டும் அணிந்து வெளியே வந்தது அந்த வீட்டிலிருந்துதான். இப்போது அங்கே கதர்க் கடை இருக்கிறது. அங்கிருந்து கோயில் நடக்கும் தூரம். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த அந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். எல்லோருக்கும் கதவு திறந்த பிறகே, 1946-இல் காந்தி உள்ளே போனார். பிறகு ஆட்டோவில் வைகையைக் கடந்து, ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்து 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குச் சென்றால், அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணியைப் பார்க்கலாம். ஒரு துணியில் தொடங்கி இன்னொரு துணியில் முடியும் இந்தப் பயணத்தை அரை நாளில் முடித்துவிடலாம். இந்த மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். யாராவது கோத்துச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு மதுரை வேறு ஊராகத் தெரிந்திருக்கும்.

தொல்லியலில் ஆர்வமுள்ளவருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. மலையேறத் தயங்காதவருக்குக் கீழக்குயில்குடிச் சமணர் மலையும், தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் உண்டு. விடுமுறை நாளும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை. அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்வது உங்கள் பொறுப்பு.

மதியத்தில் கோயில் மூடியிருக்கும் அந்த மூன்றரை மணி நேரத்தில் சாப்பாடும் ஓய்வுமே நல்லது. அயிரை மீன் குழம்பும் கறி தோசையும் கிடைக்கும் கடைகளை நீங்களே போய்ச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள். உணவின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்: ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவை சேர்கின்றன, பருத்திப்பால் என்பது பருத்திக் கொட்டையை ஊற வைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. இரவு பதினொரு மணிக்கும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும் ஊர் இது என்பதை, தாமதமாக வந்து சேரும் விருந்தினருக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால் அவர் வழியில் ஆறிய உணவைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ள மாட்டார்.

கமிஷனைப் பற்றித் தயக்கமில்லாமல் எழுதுகிறேன். கோபுரத்தை மொட்டை மாடியிலிருந்து காட்டுகிறேன் என்று அழைத்துப்போய், இறங்கும் வழியில் கைவினைப் பொருளை வாங்கும்படி நெருக்குகிற கடைகள் கோயிலைச் சுற்றி உண்டு. ஆள் அனுப்பினால் பங்கு தருவதாக என்னிடமும் பேசியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு முறை நான் அதற்கு உடன்பட்டேன். சுங்குடி என்று நம்பி அச்சுச் சேலையைக் கூடுதல் விலைக்கு வாங்கிய அந்த அம்மா, மறுநாள் காலையில் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால் பங்கு வாங்காதீர்கள். அதற்கு மாறாகப் பொருளை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். சௌராஷ்டிர மக்களின் கைத்திறனான சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் நூலால் கட்டப்பட்டுச் சாயத்தில் முக்கப்படுவது. கட்டிய இடத்தில் துணி சிறிது சுருங்கிப் புடைத்திருக்கும், புள்ளிகளும் ஒன்றுபோல் இரா. எல்லாப் புள்ளிகளும் அச்சுப் பிசகாமல் இருந்தால் அது அச்சுத்துணிதான். அதையும் வாங்கலாம், அதற்குரிய விலைக்கு.

ஆட்டோ ஓட்டுநர்கள் நான்கைந்து பேரை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து போய்வரும் கட்டணங்களை முடிவு செய்து, மேசைக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். நியாயமான கட்டணமும் ஒழுங்கான சவாரியும் கிடைக்கும் ஓட்டுநர் நம் விருந்தினரைத் தம் விருந்தினராக நடத்துவார்.

சித்திரைத் திருவிழாவில் மேற்சொன்ன நேரக்கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்த நாள்களின் அறை வாடகையை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வந்து இறங்கியவரிடம் உயர்த்துவது அறமல்ல. அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலைக் கூட்டத்தில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் தாங்கமாட்டார்கள்; அவர்களுக்கு முந்தைய நாள் மூன்றுமாவடி, தல்லாகுளம் பக்கம், ஊருக்குள் வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பரிந்துரைப்பேன். அங்கே அழகரை இன்னும் அருகில் பார்க்கலாம்.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றில் இரண்டைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டிலேயே சமைத்துப் பரிமாறிக் கட்டணம் வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

இரவு ஒன்பது மணியைத் தாண்டி, சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகும் வழிபாட்டை விருந்தினர் தவறவிடக் கூடாது என்பது என் விருப்பம். சென்னை திரும்பும் இரவு ரயிலும் ஏறத்தாழ அதே நேரத்தில் புறப்படுவதால், கடைசி நாள் இரவுக்கு அதை ஒதுக்கினால் இரண்டில் ஒன்று போய்விடும். வந்த முதல் நாள் இரவிலேயே அனுப்பிவிடுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டிகளை இரவுவரை வைத்துக்கொள்ள இடம் கொடுங்கள். புறப்படும்போது, மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து காலையில் வந்த மல்லிகை மொட்டில் இரண்டு முழம் கட்டி, ஈர வாழையிலையில் சுற்றிக் கொடுங்கள். மொட்டாகக் கொடுத்தது ரயில் திண்டுக்கல்லைத் தாண்டும்போது விரியத் தொடங்கி, பெட்டி முழுவதும் மணக்கும்.