கர்ப்ப வாரத்தை நாள் கணக்கில் பதியுங்கள்

பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் முதல் ஆய்வைத் தொடங்குகிறீர்களா? தரவுத்தாளில் கர்ப்பகாலத்தை 28.3 என்று எழுதாதீர்கள். 28 வாரம் 3 நாள் என்பது தசமத்தில் 28.43. சராசரி எடுக்கும்போதுதான் இந்தக் குளறுபடி தெரியவரும், அதுவும் தெரிந்தால்! 28/3 என்று அடித்தாலோ, எக்செல் அதை மார்ச் 28 ஆக்கிவிடவும் கூடும்.

வாரத்துக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம் வையுங்கள். மூன்றாவதில் வாரத்தை 7-ஆல் பெருக்கி நாளைக் கூட்டுங்கள்: 28 வாரம் 3 நாள் என்றால் 199.

வாரத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்கு முழுமையாக்கவே வேண்டாம். 36 வாரம் 6 நாளில் பிறந்த குழந்தை 258 நாள், குறைப்பிரசவம்தான். 37 என்று முழுமையாக்கினால் நிறைமாதக் குழந்தைகளோடு சேர்ந்துவிடும். 259-இலிருந்துதான் நிறைமாதம். கடைசி மாதவிடாய்த் தேதியா, ஆரம்பகால ஸ்கேனா, எதை வைத்துக் கணித்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் கேட்பார்.