பயாப்சி முடிந்த இரவு மலையேறாதீர்கள்

ஏற்காட்டில் காபித் தோட்டத்து மேஸ்திரியாக இருந்தவன் நான். வயது 68. ராத்திரி நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுந்ததை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். மகள் சேலத்துக்கு இழுத்துப் போய் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தாள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு உண்டா என்று பார்க்கும் பரிசோதனை அது. எண் 18.6. பொதுவாக 4-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள்.

எண் கூடினாலே புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். புராஸ்டேட் வீக்கத்துக்கு டூட்டாஸ்டிரைடு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கோ எண் பாதியாகக் குறைந்து காட்டும். ஆகவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்றால், பயாப்சிக்கு (புற்றுநோயா என்று பார்க்கச் சதைத்துணுக்கு எடுப்பதற்கு) நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயாப்சிக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கச் சொன்னார்கள். ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவி போகும். வெட்கமாகத்தான் இருக்கும். மரத்துப்போகும் ஊசிதான் சுருக்கென்றது. அப்புறம் ஒவ்வொரு சதைத்துணுக்குக்கும் ஒரு 'டக்'. கவாத்துக் கத்தரி சின்னக் கிளையை வெட்டுகிற அதே சத்தம். பன்னிரண்டு எண்ணினேன்.

சாயந்தரமே பஸ் பிடித்து மேலே வந்துவிட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். நடுராத்திரி உடம்பு உதறியது. மலைக் குளிர் என்று இரண்டாவது கம்பளியை இழுத்தேன். வீட்டுக்காரி கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "ஏனுங்க, இது குளிரில்லை, கொதிக்குது" என்றாள். பக்கத்து வீட்டு ஜீப்பில் அந்த இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். பயாப்சிக்குப் பிறகு சிறுநீரில் சில நாள் லேசாக ரத்தம் வரும், விந்தில் வாரக்கணக்கில்கூட வரலாம். அதற்குப் பயம் வேண்டாம். காய்ச்சல், நடுக்கம், சிறுநீர் அடைப்பு, கட்டிகட்டியாக ரத்தம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலைக்காரர்கள் இரண்டு மூன்று நாளாவது கீழேயே தங்குங்கள்.

ரிப்போர்ட்டில் புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 4+3 என்று இருந்தது. கிளீசன் என்பது புற்றுநோயின் வீரியத்தைச் சொல்லும் எண். 3+4-ம் கூட்டினால் 7தான், ஆனால் 4 முன்னால் வந்தால் கொஞ்சம் வீரியம் அதிகம். கூட்டுத்தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எலும்புக்குப் பரவவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தபின், மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசியும் கதிர்வீச்சும் முடிவாயின. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள்.

ஹார்மோன் ஊசி ஆண் ஹார்மோனை அடக்கிவிடும். மார்கழியில் ஊரே குல்லா போட்டிருக்க, நான் வியர்த்து ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆசையும் குறைந்துபோகும். இதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கதிர்வீச்சுக்கு மலச்சிக்கல் இல்லாமல், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வீட்டிலேயே குடித்துவிட்டு சேலம் ஐந்து ரோடு நெரிசலில் மாட்டினால் தொலைந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடியுங்கள். காபி வேண்டாம், மூத்திரம் முட்டி நிற்க விடாது. சிகிச்சை முடியும்வரை என் தோட்டத்துக் காபியை மகள் குடித்தாள், நான் வாசனை பிடித்தேன்.