லித்தியம் போட்ட பகி வண்டிக்கு லைற், ஹோர்ன் வயரிங் செய்யும் முறை

நிலாவெளி, உப்புவெளிப் பக்க விடுதிகளில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றித் திரியும் பகி என்ற பற்றரி வண்டிகளுக்கு, ஈயப் பற்றரிக்குப் பதில் லித்தியம் பற்றரி போட்ட பிறகு, மோட்டர் நன்றாக ஓடும், ஆனால் லைற்றும் ஹோர்னும் கழற்றிய வயரோடு தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு 12 வோல்ற் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள்.

12 வோல்ற் ஈயப் பற்றரி நான்கைத் தொடராகக் கட்டிய வண்டியில், ஒன்றிலிருந்து மட்டும் லைற்றுக்கு வயர் இழுத்திருப்பார்கள். அந்த ஒன்று மற்ற மூன்றுக்கும் முன்னால் செத்துப்போகும், இருந்தாலும் வண்டி எப்படியோ ஓடும். லித்தியத்தில் அப்படிச் செய்யவே கூடாது. நான்கு தனி லித்தியம் பற்றரி போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பீஎம்எஸ், அதாவது பற்றரியைக் காக்கும் மின்சுற்று, இருக்கும். லைற் இழுக்கும் பற்றரி முதலில் இறங்கி அதன் பீஎம்எஸ் வெட்டியவுடன், மற்ற மூன்றிலும் சார்ஜ் இருந்தும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஒரே பெட்டியாக வரும் 48 வோல்ற் பற்றரியில் இடையில் தொடுவதற்கு இடமே இல்லை. ஆகவே முழுப் பற்றரியிலிருந்தும் எடுத்து 12 ஆக இறக்கும் டீசி-டீசி கொன்வேர்ட்டர் கட்டாயம் வேண்டும்.

அதை வாங்கும்போது மேலே 48 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். 16 செல் கொண்ட லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியின் பெயரளவு 51.2 வோல்ற், முழுச் சார்ஜில் 58.4 வரை போகும். பிரேக் பிடிக்கும்போது மோட்டரும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். 60 வோல்ற் வரைதான் தாங்கும் என்ற கொன்வேர்ட்டர் விளிம்பில் நிற்கிறது, 72 அல்லது அதற்கு மேல் தாங்குவதை எடுங்கள்.

அளவைக் கணக்குப் பார்ப்பது சுலபம். முன் லைற் இரண்டும் சேர்த்து 40 வாட்ஸ், பின் லைற் 10, ஹோர்ன் 60, போன் சார்ஜர் 20, சின்ன பேன் 25, பாட்டுப் பெட்டி 30 என்று வைத்தால் மொத்தம் 185. 12 ஆல் பிரித்தால் 15 அம்பியருக்குக் கொஞ்சம் மேலே வரும், 20 அம்பியர் கொன்வேர்ட்டர் போதும். அது முழுப் பாரத்தில் ஓடும்போதும் 48 வோல்ற் பக்கம் ஏறத்தாழ 6 அம்பியர்தான் இழுக்கும்.

சரி, வேலையைத் தொடங்கலாம். சாவியை எடுத்து, பற்றரியின் மெயின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கையில் மோதிரம், சங்கிலி வேண்டாம், ஸ்பேனர் பிடிக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பற்றரி பொசிட்டிவ்விலிருந்து கொன்வேர்ட்டருக்குப் போகும் வயரில், பற்றரிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட 10 அம்பியர் பியூஸ் ஒன்று வரவேண்டும். இங்கேதான் மெதுவாகப் போகச் சொல்வேன். ஓட்டோ பாட்ஸ் கடையில் கிடைக்கும் தட்டையான இரண்டு கால் பியூஸ் பொதுவாக 32 வோல்ற்றுக்குச் செய்தது. 48 வோல்ற் பக்கம் போட்டால், அது எரிந்தாலும் இடைவெளியில் பொறி தொடர்ந்து நின்று மின்சாரத்தைக் கடத்தலாம். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் பொறி அணைந்துவிடும், பற்றரி மின்சாரத்தில் அந்த இடைவேளையே கிடையாது. அதனால் 80 வோல்ற் டீசி அல்லது அதற்கு மேல் என்று குறித்த பியூஸைத் தேடி வாங்குங்கள், கொஞ்சம் அலைய வேண்டிவந்தாலும் பரவாயில்லை. 12 வோல்ற் பக்கத்துக்கு அந்தச் சாதாரண பியூஸ் தாராளம்: முன் லைற்றுக்கு 5, ஹோர்னுக்கு 10 என்று பியூஸ் பெட்டியில் பிரித்துக் கொடுங்கள்.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் வயரிங் பழகியவர்களுக்கு நெகட்டிவ்வை வண்டியின் பொடியில், அதாவது உலோகச் சட்டத்தில், முறுக்கிவிடும் பழக்கம் இருக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பொடி பற்றரியோடு தொடர்பில்லாமல்தான் இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு லைற்றிலிருந்தும் தனி நெகட்டிவ் வயர் இழுத்து, ஒரு பொதுப் பட்டையில் சேர்த்து, அங்கிருந்து கொன்வேர்ட்டருக்குக் கொண்டுபோங்கள். கொன்வேர்ட்டரிலிருந்து பியூஸ் பெட்டிக்கும் இந்தப் பட்டைக்கும் 4 சதுர மில்லிமீற்றர் வயர், கிளைகளுக்கு 1.5 போதும்.

சாவி போட்டால் மட்டும் கொன்வேர்ட்டர் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி சும்மா நிற்கும் நாட்களிலும் துளித்துளியாகச் சார்ஜைக் குடித்துக்கொண்டிருக்கும். சாவி வயருக்கென்று தனிக் கால் உள்ள கொன்வேர்ட்டரே நல்லது. 12 வோல்ற் கார் றிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிச்சை) வைத்து 48 வோல்ற்றை வெட்டாதீர்கள், பியூஸுக்குச் சொன்ன அதே பொறிப் பிரச்சினைதான்.

அப்புறம் நம் ஊர்க் கடற்காற்று. வெறும் செப்பு வயர் இங்கே சீக்கிரம் பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசிய வயர் வாங்கி, நுனிகளை உலோக முனைக்குள் அழுத்திக் கிரிம்ப் பண்ணி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். மாரி மழைக்கு, கொன்வேர்ட்டருக்குள் போகும் வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும் 12 வோல்ற் பியூஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு மெயின் வயரைப் பூட்டி, சாவியைப் போட்டு, மல்டிமீற்றரால் கொன்வேர்ட்டர் வெளியைப் பாருங்கள். 12 முதல் 14 வோல்ற்றுக்குள் இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் போடலாம். பிறகு ஹோர்ன் தவிர எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் விட்டு, சாவியை எடுத்துவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதைக் கழற்றித் திரும்பக் கிரிம்ப் பண்ணுங்கள்.