யாழ்ப்பாணம் செல்வோருக்கு: நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால்

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் நிற்கையில் ஒருவருக்கு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், வாகனம் தேடி ஓடாமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் இந்திய நிதியுதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. நோயாளரை அரச வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லும். உறவினர்களில் யாராவது ஒருவர் இதை ஏற்க மறுப்பார்.

எங்கள் வீட்டில் அவர் என் மைத்துனர். "வெளிநாட்டிலையிருந்து மகன் வந்து நிற்கேக்கை மாமியைத் தர்மாஸ்பத்திரியிலை கிடத்துறதோ? சனம் என்ன சொல்லும்?" என்று இலவச அரச வைத்தியசாலையை இளக்காரமாகச் சொன்னபடி அம்மாவைத் தன் வாகனத்தில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே குளிரூட்டிய கூடம் இருந்தது. முற்பணம் வாங்கும் கருமபீடமும் திறந்திருந்தது. இதய நோய் நிபுணர்தான் இல்லை. பகலில் அரச வைத்தியசாலையில் கடமை பார்க்கும் நிபுணர்களே மாலையில் தனியார் மருத்துவமனைகளுக்குச் சனலிங், அதாவது கட்டணம் வாங்கி நோயாளரைப் பார்க்க, வருகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், மைத்துனருக்கும் தெரியும். ஈசிஜியைப் பார்த்த இளம் மருத்துவர் உடனே அரச வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார். ஆனால் பணம் கட்டாமல் அந்த ஈசிஜித் தாளைத் தர முடியாது என்று கருமபீடத்தில் இருந்தவர் மறுக்க, என் வங்கி அட்டையை அவர்களுடைய இயந்திரம் ஏற்காதுபோக, மைத்துனர் காசு எடுக்கப் போய்த் திரும்பும்வரை அம்மா சக்கர நாற்காலியில் நெஞ்சைப் பிடித்தபடி இருந்தார். இதயக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். ஊர்க் கௌரவம் பார்ப்பதற்கான நேரம் அதுவன்று.

அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நெரிசல் இருக்கும், துணைக்கு வந்தவருக்குக் கதிரை கிடைக்காது. ஆயினும் காசைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அங்கே கேட்கப்படும் முதற்கேள்விகளுள் ஒன்று, நோயாளர் வழக்கமாக எடுக்கும் மருந்துகள் எவை என்பது. எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் மருந்துகள் எழுதிய கிளினிக் கொப்பியோடு பின்னால் வந்த பக்கத்து வீட்டு அக்காதான், காலையில் எது, இரவில் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாதந்தோறும் பணம் அனுப்புகிறவனுக்கு மாத்திரைகளின் பெயர் தெரிந்திருக்கும் என்று தாதி எதிர்பார்த்திருக்கவில்லை போலும். அவர் முகத்தில் வியப்பே இல்லை. வீட்டுக்குப் போன அன்றே அந்தக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.

வைத்தியசாலையின் பெண்கள் விடுதியில் (வார்டில்) இரவுத் துணைக்குப் பெண்ணொருவரையே விடுவார்கள்; மகன் எந்த நாட்டிலிருந்து பறந்து வந்திருந்தாலும் பார்வையாளர் நேரத்தில்தான் உள்ளே போகலாம். ஆகவே யார் நிற்பார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். சில மருந்துகளையும் பரிசோதனைகளையும் வெளியே பணம் கொடுத்துச் செய்விக்கச் சொல்லக்கூடும்; அதற்குச் சிறிது பணத்தாள் கையில் இருக்கட்டும். துண்டு வெட்டி நோயாளரை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய்நிர்ணய அட்டையில் கையெழுத்து விளங்காவிட்டால், விடுதியை விட்டு வெளியேறுமுன் மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்றிரவு அந்தத் தனியார் மருத்துவமனையிலேயே பொறுத்திருந்தால் விடிய நிபுணர் வந்திருப்பார் என்று மைத்துனர் இன்றும் சொல்கிறார். இந்த வாக்குவாதத்தை நள்ளிரவுக்கு விட்டுவைக்காமல், போய் இறங்கிய வாரத்திலேயே ஒரு பகற்பொழுதில் முடித்துக்கொள்ளுங்கள்.