லிப்ஸ்டிக்கையே பிளஷ்ஷாகப் போடுவது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

மைனியின் தங்கச்சி கல்யாணம், பாளையங்கோட்டையில். காலை ஐந்தரைக்கு முகூர்த்தம் என்பதால் நாலு மணிக்கே மண்டபத்து மாடி அறையில் ஏழு பேர் ஒரே கண்ணாடி முன்னால் நின்றோம். சேலை, பூ, நகை எல்லாம் தயார். கன்னச் சிவப்புக்குப் போடும் பிளஷ் டப்பா மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? மைனி கைப்பையில் செங்கல் நிற லிப்ஸ்டிக் ஒன்று இருந்தது. ஏழு பேர் கன்னத்துக்கும் அது ஒன்றே போதுமாக இருந்தது. மத்தியானப் பந்தி முடியும்வரை நிறம் நின்றது. அதன் பிறகு நான் பிளஷ் வாங்கவே இல்லை.

சித்தி மகள்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பல பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: அளவு. ஒரே இழுப்பில் உதட்டை மூடவேண்டும் என்று லிப்ஸ்டிக்கில் நிறத்தை அடர்த்தியாகச் சேர்த்திருப்பார்கள். கன்னத்திலோ தோல் தெரியவேண்டும், அதற்கு உள்ளிருந்து சிவப்பு வந்தாற்போல இருக்கவேண்டும். கீழே சொல்லும் வேலை எல்லாமே அந்த அடர்த்தியைக் குறைப்பதற்குத்தான்.

எந்த லிப்ஸ்டிக் சரிப்படும்?

அடியைத் திருகினால் மேலே வரும் சாதாரண கிரீம் லிப்ஸ்டிக்கை எடுங்கள். மெழுகு, எண்ணெய், நிறம் இந்த மூன்றும்தான் அதில் முக்கியம். பலவற்றில் விளக்கெண்ணெய்கூட இருக்கும். விரல் சூட்டுக்கே அது இளகிவிடும், அதனால் கன்னத்தில் பரப்புவது சுலபம். திரவமாக இருந்து உதட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் மேட் வகை வேண்டாம். நீங்கள் பரப்பி முடிப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும், பிறகு அதை அசைக்க முடியாது. உதட்டை மினுக்கிக் காட்டும் பிசுபிசுப்பான லிப் கிளாஸும் வேண்டாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நம் பக்கம் வீசுகிற காற்றில் தலைமுடி முழுவதும் கன்னத்தில் வந்து ஒட்டும். உதட்டைப் புடைப்பாகக் காட்டும் என்று விற்கும் வகைகளில் மிளகாய், பட்டை, புதினா எண்ணெய் போன்றவை இருக்கும். கன்னம் எரியும், தொடாதீர்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வெளிர் ரோஸ் நிறங்களில் வெள்ளை நிறமி கலந்திருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் அது சாம்பல் பூத்தது போலத் தெரியும். மாநிறத்துக்குச் செங்கல் நிறம், அடர் ரோஸ், ஆரஞ்சு கலந்த சிவப்பு எல்லாம் நன்றாக எடுக்கும். இன்னும் கறுத்த தோலுக்கு நாவல்பழ நிறம், மாதுளைச் சிவப்பு, ஏன், பளீர்ச் சிவப்பேகூட அழகு. குப்பியில் பார்க்கும்போது பயமாக இருக்கும், மெல்லிசாகப் பரப்பியதும் அதுவே முகத்தோடு கலந்துவிடும். ‘கறுத்த பிள்ளைகளுக்குக் கன்னச் சிவப்பு எடுபடாது’ என்று கல்யாண வீடுகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எடுபடாதது அந்த வெளிர் நிறம்தான், குறை தோலில் இல்லை.

முந்தின நாள் செய்யவேண்டியது

உதட்டுக்கு ஒத்துக்கொண்டது கன்னத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கவேண்டாம். காதுக்குப் பின்னால் துளி தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த லிப்ஸ்டிக் உதட்டோடு இருக்கட்டும். அட்டையில் கார்மைன் அல்லது சிஐ 75470 என்று போட்டிருந்தால் அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சிலருக்கு அது ஒவ்வாது, சைவம் பார்ப்பவர்களும் கவனிக்கவேண்டும். முகப்பரு பழுத்திருக்கும் சமயத்தில் அந்த இடத்தில் மெழுகும் எண்ணெயும் தடவாமல் இருப்பதே நல்லது.

இனி, படிப்படியாக

முதலில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஃபவுண்டேஷன் போடுகிறவர்கள் அதையும் இப்போதே முடித்துக்கொள்ளலாம். ஆனால் பவுடர் டப்பாவைத் திறக்கவே கூடாது. நம் வீடுகளில் முகம் கழுவியதும் கை தானாகப் பவுடருக்குப் போகும். பவுடர் மேல் மெழுகு பட்டால் பவுடர் உருண்டு, திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். முதல்தடவை நான் அப்படித்தான் செய்தேன். பவுடர் பூசிய கன்னத்தில் லிப்ஸ்டிக்கை நேரே வைத்து இரண்டு கோடு இழுத்தேன். தேய்க்கத் தேய்க்கக் கோடு போகவில்லை, பவுடர்தான் உரிந்து வந்தது. “என்னட்டி, யாரும் அறைஞ்சாங்களா?” என்று அத்தை பதறிக்கொண்டே கேட்டாள். அதனால் வரிசை முக்கியம்: ஈரப்பசை உள்ளது முன்னால், பவுடர் கடைசியில்.

இரண்டாவது, எடுப்பது. லிப்ஸ்டிக் நுனியை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, சுத்தமான இயர்பட்ஸால் அரை மிளகு அளவு சுரண்டுங்கள். அதுவே இரண்டு கன்னத்துக்கும் காணும். அன்று ஏழு பேருக்கும் ஒரு ஸ்பூனைக் கழுவித் துடைத்து, அதன் காம்பால் தனித்தனியாகச் சுரண்டித்தான் கொடுத்தேன். ஒருவர் உதட்டில் பட்டதை இன்னொருவர் கன்னத்தில் நேராக வைக்கக்கூடாது.

மூன்றாவது படியில்தான் அவசரமே கூடாது. சுரண்டியதை இடது புறங்கையில் வைத்து, மோதிர விரலால் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முதலில் மெழுகுத் துணுக்கு விரலுக்கடியில் நெருடும். பத்துப் பதினைந்து சுற்றில் நெருடல் போய், புறங்கை ரேகைகளுக்குள் நிறம் இறங்கி, மேலே எண்ணெய் மினுக்கம் தெரியும். அந்த நிலையில் விரலைத் தூக்கிப் பாருங்கள். விரல் நுனியில் ரேகை தெரியுமளவு மெல்லிய சாயம்தான் இருக்கவேண்டும். திட்டாக ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். நிறம் மிகவும் அடர்த்தி என்று தோன்றினால் ஒரு துளி மாய்ஸ்சரைசர் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு புறங்கையில் இருப்பதை இரண்டு பங்காகப் பிரித்து வையுங்கள். பிரிக்காவிட்டால் முதல் கன்னத்துக்குத்தான் எப்போதும் அதிகம் போய்ச் சேரும்.

அடுத்தது இடம். கண்ணாடியை நேராகப் பாருங்கள். கருவிழிக்கு நேர் கீழே, மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி விரலை வையுங்கள். மூக்கு நுனிக்குக் கீழே நிறம் இறங்கக்கூடாது, இறங்கினால் முகம் வாடினாற்போல இருக்கும். அங்கிருந்து காதின் மேல்பக்கம் நோக்கி, சற்று மேலேற்றி ஒற்றிக்கொண்டே போங்கள். ஒற்றவேண்டும், இழுக்கக்கூடாது. இழுத்தால் கீழே இருக்கும் ஃபவுண்டேஷனும் சேர்ந்து வரும். ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைவதற்கு, சாயம் படாத இன்னொரு விரலால் விளிம்பை மட்டும் தட்டுங்கள். முதல் பூச்சில் போட்டதே தெரியவில்லையே என்று தோன்றும். அதுதான் சரி. வேண்டுமானால் இன்னொரு பூச்சு போடலாம். கூட்டுவது சுலபம், குறைப்பது சிரமம்.

கூடிப்போய்விட்டதா? ஈரத் துணியைத் தேடாதீர்கள். டிஷ்யூவை ஒருமுறை அழுத்தி எடுங்கள். அப்புறம் ஃபவுண்டேஷன் தொட்ட ஸ்பாஞ்ச் இருந்தால் அதனால் மேலே தட்டுங்கள்.

நடைக்கு வந்து பாருங்கள்

இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு மங்கித் தெரியும், கை தானாக இன்னும் இன்னும் என்று போகும். சின்னக் கண்ணாடியோடு வாசல் நடைக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருக்கிறதா, ஓரம் தெரிகிறதா என்று அங்கேதான் உண்மை தெரியும். விடியுமுன் முகூர்த்தம் என்றால் இந்த வழி இல்லை. அப்போது வீடியோக்காரர் விளக்கு போட்டதும் போய் நின்று பாருங்கள். அந்த வெளிச்சம் நிறத்தை வாங்கிவிடும் என்பதால் அன்றைக்கு மட்டும் ஒரு பூச்சு கூடுதலாக இருக்கலாம்.

திருப்தியான பிறகு பவுடர். பஃப்பில் எடுத்து, உதறி, கன்னத்தில் அழுத்துங்கள், தேய்க்கவேண்டாம். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தில் ரதவீதிக் கூட்டத்துக்குள் நிற்கும் அன்று எனக்கு இந்தப் பவுடர்தான் காப்பு. வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தால் நிறம் தங்கும், சேலைத் தலைப்பால் துடைத்தால் போய்விடும்.

அதே லிப்ஸ்டிக்கை உதட்டிலும் போட்டால் முகம் முழுக்க ஒரே சாயல் வந்து நன்றாக இருக்கும். ஆனால் கண் இமைக்குக் கொண்டுபோகவேண்டாம். உதட்டுக்கு அனுமதித்த சில சிவப்பு நிறமிகளை அமெரிக்காவில் கண் பகுதிக்கு அனுமதிப்பதில்லை.

ராத்திரி எவ்வளவு களைப்பாக வந்தாலும் கழுவிவிட்டுத்தான் படுக்கவேண்டும். மெழுகு வெறும் தண்ணீருக்குப் போகாது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயால் கரைத்து, துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ் போடுங்கள். பரு வரும் தோல் என்றால் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் மேக்கப் ரிமூவர்.

சித்திரை, வைகாசி வெயிலில் லிப்ஸ்டிக்கை வண்டிக்குள் வைத்துவிட்டு வராதீர்கள், இளகி மூடியோடு ஒட்டிவிடும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில், மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. அட்டையில் மூடி திறந்த டப்பா படமும் உள்ளே 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான் அதற்கு ஆயுள். அதற்கு முன்பே காறல் எண்ணெய் வாடை அடித்தால் கன்னத்துக்கும் வேண்டாம், உதட்டுக்கும் வேண்டாம்.