பழைய காரின் எஞ்சின் கொதித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வைத்திருப்பவர் பட்டறைக்குப் போனால் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "வண்டி ஹீட் ஆகிறது." மெக்கானிக்கும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. முதலில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுவார். மறுபடி சூடேறினால் வாட்டர் பம்ப் மாறும். அதற்கும் அடங்காவிட்டால் எஞ்சின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுவார். இவ்வளவு செலவுக்குப் பிறகு, கோளாறு கையால் திருகி மாற்றக்கூடிய ரேடியேட்டர் மூடியில் இருந்தது என்று தெரியவரலாம்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்தில். ஆகவே இந்த வகைகளில் இன்று சாலையில் ஓடும் மிக இளைய வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. ரப்பர் ஹோஸ், மூடியின் வாஷர், பம்ப் சீல் எல்லாம் ஒன்றாகவே முதுமை அடைந்திருக்கும். எது குற்றவாளி என்று குத்துமதிப்பாகச் சொல்வது இந்த வண்டிகளில் எளிதல்ல. அதனால் முதல் தவறு, "எப்போது சூடேறுகிறது?" என்ற கேள்வியைக் கேட்காமலே பாகங்களை மாற்றத் தொடங்குவது.

சிக்னலிலும் நெரிசலிலும் டாஷ்போர்டின் வெப்ப முள் ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்குகிறதா? குறை காற்றில் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் மட்டுமே துணை. மின்சார ஃபேன் உள்ள வண்டியில் ஃபியூஸ், ரிலே, சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்ச் இவற்றை முதலில் பாருங்கள். இரண்டு ஒயர் உள்ள ஸ்விட்ச் என்றால் அதன் இணைப்பைக் கழற்றி இரு முனைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். ஃபேன் சுற்றினால் ஃபேன் நலம், ஸ்விட்ச் போய்விட்டது. ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூண்டு, அதாவது ஷ்ரௌட், இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதோ கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். அது இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைந்துகொண்டிருக்கும். ரேடியேட்டர் வழியாக இழுக்காது. மோட்டார் மாற்றியபோது ஒயரைத் தலைகீழாகக் கொடுத்து, ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுவதும் உண்டு. ஒரு தாளை முகப்பு கிரில்லில் வைத்தால் போதும்: உள்ளே இழுத்தால் சரி, தள்ளினால் தவறு.

நகரில் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் முள் ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில். உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர் குழாய்கள், நழுவும் பெல்ட், இறக்கைகள் துருப்பிடித்துத் தேய்ந்த பம்ப் ஆகியவை இங்கே வரும். பலர் பார்க்காமல் விடுவது கீழ் ஹோஸை. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே தாங்கிப் பிடிக்கும் கம்பிச்சுருள் இற்றுப்போயிருந்தால், எஞ்சின் வேகம் கூடும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பானட்டைத் திறந்து வைத்து ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறினால் தண்ணீரே இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது, அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. இதில் மூன்றாவதைப் பற்றிப் பிறகு.

மலையில் மட்டும் சூடேறும் வண்டி தனி வகை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் முழுப் பளுவில் உழைக்கும். வண்டியோ ஊர்ந்துதான் போகும். சமவெளியில் தப்பித்துக்கொண்டிருந்த அரைகுறை ரேடியேட்டர் இங்கே மாட்டிக்கொள்ளும். ஓட்டுபவரின் பங்கும் உண்டு. பெரிய கியரில் வண்டியைத் திணறவிடுவது தவறு. அம்பாசடர் போல ஃபேன் பெல்ட்டில் சுற்றும் வண்டிகளில் கியரைக் குறைத்தால் பம்பும் ஃபேனும் கூடுதல் வேகத்தில் சுற்றும். உச்சிக்குப் போனதும் சட்டென்று எஞ்சினை அணைப்பதும் கூடாது. தண்ணீர் ஓட்டம் நின்றதும் ஹெட்டில் தேங்கிய சூடு அங்கேயே கொதிக்க வைக்கும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது.

சாலையோரத்தில்

இங்கே நடக்கும் தவறுகள்தான் உடம்பையும் பணத்தையும் சேர்த்துச் சுடுபவை.

ரேடியேட்டர் மூடியில் 0.9 என்ற எண் பொறித்திருப்பதைப் பார்த்திருக்கலாம். உள்ளே அந்த அளவு பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 119 டிகிரி வரை பொறுக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அப்போதுதான் கொதித்து, நீராவியோடு முகத்துக்கு நேராகச் சீறும். ஈரத்துணி போட்டுத் திறந்தால் ஆபத்தில்லை என்பது உண்மையல்ல. அரைமணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்த முடிகிற வரை மூடியைத் தொட வேண்டாம். ஃபேனிலும் கை வைக்காதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் மின்சார ஃபேன் சில வண்டிகளில் தானாகச் சுற்றத் தொடங்கும்.

சூடான எஞ்சின்மீது வாளித் தண்ணீரைக் கொட்டுபவர்களை இன்னும் பார்க்கிறோம். மாருதி 800 போன்ற வண்டிகளில் ஹெட் அலுமினியம். சீரற்றுக் குளிர்ந்தால் வளையும். பழைய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அது விரிசல் விடும். உள்ளே ஊற்றுவதற்கும் இதே விதிதான். எஞ்சின் ஆறிய பிறகு, ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

முள்ளை நம்பி ஏமாறுவது இன்னொன்று. வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் முழுதும் ஒழுகிப் போனால் சென்சார் வெறும் ஆவியில் தொங்கும். சிவப்பைத் தொட்ட முள் திடீரென்று கீழே இறங்கிவிடும். "அப்பாடா" என்று ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதேபோல் வெப்ப முள் ஏறும்போது பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட்தான். உடனே நிறுத்த வேண்டும்.

"இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, பட்டறைக்கே போய்விடலாம்." என் கணக்கில் இந்தக் கட்டுரையிலேயே விலை அதிகமான தவறு இதுதான். வண்டியை இழுத்துச் செல்லும் வாடகை எவ்வளவு கசந்தாலும் ஹெட் இறக்கும் செலவில் அது சிறு பகுதி.

தெர்மோஸ்டாட் என்ற அப்பாவி

"நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார், வெளிநாட்டுக் குளிருக்கு வைத்தது." பட்டறைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சு கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். கணக்கு அப்படியில்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு 82 டிகிரி அல்லது அதை ஒட்டிய வெப்பத்தில் உருகி விரிந்து வழியைத் திறக்கும். வேலூரின் அக்னி நட்சத்திர வெயில் 42 டிகிரி என்றாலும் அது எஞ்சினுக்குத் தேவையான சூட்டில் பாதிதான். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நெடுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழியும், ஆயில் கெடும், தேய்மானமும் செலவும் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அவற்றில் அதைக் கழற்றினால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும். எதற்காகக் கழற்றினோமோ அதற்கு நேர்மாறாகச் சூடு ஏறும்.

கழற்றியதும் சூடு குறைந்தது என்றால்கூட, உண்மையான கோளாறு தற்காலிகமாக மறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதில் பொறித்துள்ள வெப்பத்தை ஒட்டித் திறந்தால் நல்லது. பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது, தெர்மோஸ்டாட்டில் ஒட்டியிருக்கும் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) நஞ்சு.

தெர்மோ ஸ்விட்ச் கெட்டால் ஃபேன் எப்போதும் ஓடும்படி "டைரக்ட்" இணைப்பு கொடுத்துவிடுவதும் இதே குடும்பம். வீடு வந்து சேர அது நல்ல உபாயம். ஆறு மாதம் அப்படியே விட்டால் ஃபேன் மோட்டார் தேய்ந்து, கொதிக்கும் ஒரு மதியத்தில் நின்றுபோகும்.

தண்ணீர்

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். குழாயிலும் கெட்டிலிலும் படியும் அதே சுண்ணாம்பு, எஞ்சின் உட்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால், பிறகு வடித்துவிட்டு மாற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரே இதற்கும் சரி.

"பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு?" என்பார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், துருப்பிடிக்காமல் காப்பதும்தான் நமக்கு வேண்டியவை. அடர் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி வடிநீர் சேர்க்க வேண்டும். கலந்து விற்கும் வகையில் எதுவும் சேர்க்கக் கூடாது. நிறைய ஊற்றினால் நல்லது என்று அடர் கூலன்டை அப்படியே ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வகைகளைக் கலக்கவும் வேண்டாம். வடித்த கூலன்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், இறந்துபோகும்.

கூலன்ட் ஊற்றியதும் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது என்று புகார் வரும். துருவும் உப்பும் சேர்ந்து அதுவரை ஓட்டையை அடைத்துவைத்திருந்தன. சுத்தம் செய்தபோது அவை கரைந்தன. குற்றம் கூலன்டின்மீது இல்லை. ஒழுக்கை நிறுத்த மஞ்சள்தூள் போடும் கைவைத்தியமும், கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை. நல்ல குழாய்களிலும் தங்கும்.

ரிசர்வ் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணீர் இருக்கிறது" என்று முடிவு செய்வது நுட்பமான தவறு. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு: ஒன்று அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைப் பாட்டிலுக்கு அனுப்பும், மற்றது எஞ்சின் ஆறும்போது திரும்ப உறிஞ்சவிடும். இரண்டாவது கெட்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டு வரும். ஆறிய காலையில் மூடியைத் திறந்து நேராகப் பாருங்கள். இரவில் ஹோஸ்கள் ஒட்டிச் சுருங்கியிருந்தாலும் இதே மூடியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீர் முழுதும் மாற்றிய பிறகு காற்று சிக்கிக்கொள்வதும் உண்டு. மூடியைத் திறந்துவைத்து, முன்பக்கம் சற்று உயர்வாக நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஐடிலில் ஓடவிட்டுக் குமிழ் அடங்க அடங்க நிரப்ப வேண்டும்.

ஹெட் கேஸ்கெட்

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வருகிறது, சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாகிறது, எங்கும் ஒழுகாமலே தண்ணீர் குறைகிறது என்றால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்மை இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் விஷயம் வேறு.

ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி ஏற்றிவிடுவது பெரிய தவறு. லேத் பட்டறையில் ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, வளைந்திருந்தால் ஃபேசிங் செய்து மட்டப்படுத்த வேண்டும். போல்ட்டுகளை உரிய வரிசையில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். கேஸ்கெட் ஏன் போனது என்பதும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருகியிருக்கிறதோ, ஹெட்டிலும் பிளாக்கிலும் அந்த இடத்தில்தான் முதலில் மட்டக்கட்டை வைத்துப் பார்க்க வேண்டும்.